மிருதங்க வாத்தியாரின் காதும் தொண்டையும்

கேள்வி: டாக்டர் ஐயா, என் கணவருக்கு வயது 56. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார், கோயில் கச்சேரிகளுக்கும் வாசிப்பார். மூன்று மாதமாகக் கழுத்தில் இடப்பக்கம் கட்டி. வலி இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், கரையவில்லை. பயாப்சி எடுத்ததில் இடது டான்சிலில் புற்றுநோய், 3 செ.மீ., அதே பக்கம் இரண்டு நெறிகளிலும் இருக்கிறது என்று வந்தது. "பி16 பாசிட்டிவ், வைரஸால் வந்தது" என்கிறார்கள். முதல் டாக்டர் ஸ்டேஜ் 4 என்று எழுதினார். இரண்டாவது டாக்டர் அதே ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்டேஜ் 1 என்கிறார். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டும், கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ. அந்த மருந்து காதைப் பாதிக்கலாம் என்று சொன்னதிலிருந்து இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன், வைரஸால் வரும் தொண்டைப் புற்றுக்கு அங்கே டோஸைக் குறைக்கிறார்கள், சிஸ்பிளாட்டினுக்குப் பதில் காதைப் பாதிக்காத வேறு ஊசியும் இருக்கிறது என்கிறான். அப்படிக் கேட்கலாமா? முன்பு தினம் பத்து சிகரெட், 12 வருடம் பிடித்தார். விட்டு 15 வருடம் ஆகிறது. வெற்றிலை போடுவார். இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்த வைரஸ் அவருக்கு எப்படி வந்தது? எனக்கும் வருமா? வீட்டில் 16 வயது மகள் இருக்கிறாள்.
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, கடைசியில் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அது நெருடிக்கொண்டிருக்கும் வரை மற்ற எதுவும் மனதில் ஏறாது.

எச்.பி.வி. என்ற இந்த வைரஸ், தாம்பத்திய வாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கும் ஏதாவது ஒரு காலத்தில் வந்து போகிற ஒன்று. ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் டான்சிலின் மடிப்புகளுக்குள் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. உங்கள் கணவருக்கு அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகத்தில் எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கலாம், உங்களிடமிருந்தேகூட வந்திருக்கலாம். அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றாதீர்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கவும் வேண்டாம். அவருக்கு வைக்கப்போகும் கரண்ட் வெளியிலிருந்து வரும் கதிர், உடம்பில் தங்காது, பக்கத்தில் படுக்கலாம். உங்களுக்கு, 30 வயது தாண்டிய எந்தப் பெண்ணும் செய்துகொள்ள வேண்டிய கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை போதும். மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். 15 வயது தாண்டிவிட்டதால் மூன்று தவணை. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023-லிருந்து கிடைக்கிறது. இந்த வகைத் தொண்டைப் புற்றில் பத்தில் ஒன்பதுக்குக் காரணமான 16-ஆம் ரகம் அதில் அடக்கம்.

அடுத்து ஸ்டேஜ் குழப்பம். இரண்டு டாக்டர்களும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு பதிப்புப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பழைய கணக்கில் கழுத்தில் இரண்டு நெறி என்றாலே ஸ்டேஜ் 4. ஆனால் வைரஸால் வந்தவர்கள் அந்த ஸ்டேஜுக்கு எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று தெரிந்ததும், உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்டேஜ் புத்தகத்தின் எட்டாம் பதிப்பில் இவர்களுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதன்படி, 4 செ.மீ.க்குள் கட்டி, ஒரே பக்கம் 6 செ.மீ.க்குள் நெறிகள் என்றால் ஸ்டேஜ் 1. ஆக அதே மனிதர், அதே கட்டி, நாலிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த எண் "இவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்று சொல்கிறதே தவிர, "இவருக்குக் குறைத்துக் கொடு" என்று சொல்லவில்லை. ஸ்டேஜ் ஒன்றுதானே, எதற்கு 35 நாள் என்று கேட்கிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் நீளம்.

வைரஸ் புற்று ஏன் எளிதில் அடங்குகிறது? சிகரெட், புகையிலையால் வரும் புற்றில் செல்லின் காவல்காரனான பி53 என்ற மரபணுவே சிதைந்து போயிருக்கும். அடிபட்டாலும் அந்தச் செல் சாகாது. வைரஸ் புற்றில் காவல்காரன் சிதையவில்லை, வைரஸ் அவன் கையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கதிரும் கீமோவும் விழும்போது செல் தாக்குப்பிடிக்க முடியாமல் விழுகிறது. 2010-ல் அமெரிக்கப் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் வகையில் 82 சதவீதம், வைரஸ் அல்லாத வகையில் 57 சதவீதம். அன்றிலிருந்துதான் உங்கள் தம்பி மகன் சொல்கிற யோசனை கிளம்பியது. இவர்கள் இன்னும் இருபது முப்பது வருடம் வாழப்போகிறவர்கள், எச்சில் வற்றிய வாயோடும் விழுங்க முடியாத தொண்டையோடும் எதற்கு வாழ வேண்டும், குறைத்துக் கொடுத்தால் என்ன? நல்ல யோசனைதான். நானும் அதில் ஆசை வைத்தவன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டோம். அந்த 82 சதவீதம், முழு சிகிச்சை கொடுத்தபோது வந்த 82 சதவீதம்.

முதலில் கை வைத்தது சிஸ்பிளாட்டினில்தான். காதும் சிறுநீரகமும் கெடும், வாந்தி வாட்டும். அதற்குப் பதில் செட்டுக்சிமாப் என்ற ஊசி. உங்கள் தம்பி மகன் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். தனியாகக் கரண்ட் மட்டும் வைப்பதைவிட இந்த ஊசியோடு வைத்தால் நல்லது என்று 2006-லேயே ஒரு ஆய்வு வந்திருந்தது. காதுக்கு ஆபத்தில்லை, விலை மட்டும் பல மடங்கு. நாங்கள் பலரும், சிஸ்பிளாட்டின் வேண்டாமென்று அழுதவர்களுக்கு, வசதி இருந்தால் அதை எழுதிக்கொடுத்தோம். பிறகு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து சேர்ந்து நடத்திய ஆய்வில் 334 பேர். இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் சிஸ்பிளாட்டின் பக்கம் 97.5 சதவீதம், செட்டுக்சிமாப் பக்கம் 89.4. நோய் திரும்பியது 6 சதவீதத்துக்கு எதிராக 16. அதே சமயம் அமெரிக்காவில் 800-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்ததிலும் ஐந்து வருடக் கணக்கு 84.6-க்கு எதிராக 77.9. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் செய்ததும் அதே பக்கம்தான் சாய்ந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மொத்த பக்கவிளைவும் பெரிதாகக் குறையவில்லை. காதுக்குப் பதில் தோலில் கொப்புளம், அவ்வளவுதான் மாற்றம். 1978-ல் அனுமதி பெற்ற, மலிவான பழைய மருந்து ஜெயித்தது. எனவே அந்த ஊசியைக் கேட்காதீர்கள். யாராவது தாமாகவே எழுதிக்கொடுத்தால், சிஸ்பிளாட்டின் ஏன் கூடாது என்று கேளுங்கள்.

அடுத்தது கரண்டின் டோஸ். வழக்கமானது 70 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 35 தவணை, ஏழு வாரம். இதை 60 ஆக்கலாமா? 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வில், 60 கிரேயோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின் கொடுத்தவர்களில் 90.5 சதவீதம் பேர் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோவே இல்லாமல் 60 மட்டும் வாங்கியவர்கள் 87.6, அந்தப் பிரிவு ஆய்வாளர்கள் போட்ட கோட்டைத் தாண்டவில்லை. இருந்தாலும் 90 நல்ல எண்தானே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். பக்கத்தில் 70 கிரே வாங்கிய ஒரு குழு இல்லாமல் மகிழ்ந்தோம் என்பதுதான் பிழை. 2024-ல் அந்தக் குழுவையும் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு சொல்லப்பட்டது. அதில் பெரும்பாலோர் உங்கள் கணவரைப் போல சின்னக் கட்டி, ஒரே பக்க நெறி, குறைவாகப் புகைத்தவர்கள். 60 கிரே-சிஸ்பிளாட்டின் குழுவில் இரண்டு வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் 88.6 சதவீதம். 70 கிரே-சிஸ்பிளாட்டின் குழுவில் 98.1! முழு சிகிச்சை இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அதை நடத்தியவர்களே எதிர்பார்க்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடத்தில் இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், திரும்பிய நோயைச் சிலருக்கு மறுபடி பிடிக்க முடிகிறது. ஆனால் மறுபடி பிடிப்பது என்றால் பெரிய ஆபரேஷன். குறைத்ததன் லாபமெல்லாம் அங்கே போய்விடும்.

நம் ஊருக்கு இன்னொரு கவலை இருக்கிறது. அங்கே வைரஸ் வகையே பெரும்பாலானது. இங்கே தொண்டைப் புற்றின் பெரும்பங்கு இன்னமும் புகையிலையால்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் பி16, வைரஸ் அல்ல. வைரஸ் இருந்தால் செல்லில் பெருகும் ஒரு புரதம். அடுப்பு எரிகிறதென்பதைப் புகையை வைத்துச் சொல்வது மாதிரி. புகை வேறு காரணத்தாலும் வரலாம். 2023-ல் பல நாட்டு நோயாளிகள் 7,000-க்கு மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, பி16 பாசிட்டிவ் என்றவர்களில் பத்தில் ஒருவருக்கு வைரஸே இல்லை. அவர்களுடைய ஐந்து வருடக் கணக்கும் நல்ல பக்கம் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். வைரஸ் வகை குறைவாக இருக்கும் பகுதிகளில் இந்த முரண்பாடு இன்னும் அதிகம். எனவே இப்போதே கேட்க வேண்டிய முதல் விஷயம்: பயாப்சி பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டு) எச்.பி.வி. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. பரிசோதனை. பிளாக் உங்களுடையது, கேட்டு வாங்கி வேறு லேபுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிகரெட் கணக்கையும் சரிபார்த்துவிடுகிறேன். ஆய்வுகளில் 20 சிகரெட் உள்ள பாக்கெட் ஒன்றைத் தினமும் ஒரு வருடம் பிடித்தால் "ஒரு பாக்கெட் வருடம்". நம் ஊர் பாக்கெட்டில் பெரும்பாலும் பத்துதான். தினம் பத்து, 12 வருடம் என்றால் ஆறு. பத்துக்கு மேல் போனால் ஆபத்து கூடும், இவர் கீழே இருக்கிறார். ஆனால் அந்தக் கோடு வட அமெரிக்காவில், புகைப்பதை மட்டும் வைத்துப் போட்டது. வெற்றிலையோடு புகையிலையும் வாயில் அடக்குவாரா என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வாத்தியார்கள் இதில் கொஞ்சம் மறதிக்காரர்கள்.

இப்போது காது. மிருதங்கக்காரருக்குக் காது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சிஸ்பிளாட்டின் உள்காதில் இருக்கும் மெல்லிய முடிச் செல்களை அழிக்கிறது, அவை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் பாதிப்பு ஒரே நாளில் வருவதில்லை. மேலேயிருந்து கீழே இறங்கும். முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சு ஒலிகள். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையைச் சுருதியோடு சேர்க்கும் ஒலி அதற்கு வெகு கீழே இருக்கிறது. அதனால் ஆடியோகிராம் என்ற காது கேட்கும் பரிசோதனையை எடுத்துக்கொண்டே போனால், அவருக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். சிகிச்சைக்கு முன் ஒன்று, நடுவில் ஒவ்வொரு இரண்டு மூன்று வாரத்துக்கும் ஒன்று. 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்க்கச் சொல்லுங்கள். காதில் இரைச்சல் கேட்டால் அன்றே சொல்ல வேண்டும்.

மருந்தைக் கொடுக்கும் முறையிலும் இடம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. என்ற பெரிய டோஸ் காதுக்குக் கடுமை. வாரம் 40 மி.கி. கொடுத்தால் காதுக்கு இதமாக இருக்கிறது. ஜப்பானில் ஆபரேஷன் முடிந்தவர்களிடம் ஒப்பிட்டபோது அது பெரிய டோஸுக்குக் குறைவில்லை என்று வந்தது. (எல்லாம் உடம்பின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டர் கணக்கு.) மொத்தம் 200 வந்தால் போதும் என்பது பரவலான நடைமுறை, அதாவது ஐந்து வாரம். ஐந்தாவது வாரத்தில் ஆடியோகிராம் இறங்கினால் அங்கேயே நிறுத்தலாம், குற்றமில்லை. ஆனால் வாரம் 30 என்று இன்னும் குறைக்கச் சொல்லாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2018-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த 30, பெரிய டோஸிடம் தெளிவாகத் தோற்றது. மருந்தன்று சலைன் நிறைய ஏற்ற வேண்டும், அவரும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக் போனால் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி போட விடாதீர்கள், இரண்டும் காதுக்கு எமன். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. அந்த மாதங்களில் கச்சேரி ஒலிபெருக்கிப் பக்கம் உட்கார வேண்டாம்.

ஒருவேளை முதல் ஆடியோகிராமிலேயே காது ஏற்கெனவே மோசம் என்று வந்தால்? மேடையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி வருவதுண்டு. அப்போது சிஸ்பிளாட்டின் உண்மையிலேயே கூடாது. அந்த நிலையில் உள்ளவர்களுக்குக் கரண்டோடு டோசிடாக்சல் என்ற வேறு கீமோ மருந்தைக் கொடுத்துப் பார்த்ததும் டாடா மருத்துவமனைதான். தனிக் கரண்டில் இரண்டு வருடம் பிழைத்தவர்கள் 41.7 சதவீதம், டோசிடாக்சலோடு 50.8. இந்த எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு வகை நோயாளிகள். வழி இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினேன்.

சரி, எதைத்தான் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்? கட்டிக்குப் போகும் டோஸில் கை வைக்காமல், கட்டியில்லாத இடத்துக்குப் போவதைக் குறைக்கச் சொல்லுங்கள். கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் எச்சில் சுரப்பியை ஒதுக்கி வைத்தபோது, ஒரு வருடம் கழித்து வாய் வறண்டு தவித்தவர்கள் 74 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கினார்கள். பிரிட்டன் ஆய்வு, 2011. அதே நாட்டில் 2023-ல், விழுங்கும் தசைகளையும் ஒதுக்கினால் நன்றாக விழுங்குகிறார்கள் என்று காட்டினார்கள். காக்ளியா என்ற உள்காதுப் பகுதியையும் ஒதுக்கச் சொல்லுங்கள், கீமோ மட்டுமல்ல, கதிரும் காதைக் கெடுக்கும். இன்னொரு நல்ல கேள்வி: "கட்டி டான்சிலுக்குள்ளேயே நிற்கிறதா, அண்ணத்துக்கோ நாக்கின் அடிக்கோ போகாமல் இருக்கிறதா? அப்படியானால் வலப்பக்கக் கழுத்தை விட்டுவிடலாமா?" இரண்டு நெறி இருப்பதால் இதில் டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஆனாலும் கேளுங்கள். ஒரு பக்கம் தப்பினால் அந்தப் பக்க எச்சில் முழுசாகத் தப்பும்.

ரோபோ ஆபரேஷன் செய்து பிறகு 50 கிரே மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. அமெரிக்க ஆய்வில் நல்ல முடிவு, இரண்டு வருடத்தில் 94.9 சதவீதம் நோயில்லாமல். ஆனால் அதே ஆய்வில் பத்தில் மூன்று பேருக்கு, ஆபரேஷன் செய்து பார்த்த பிறகு, கரண்டும் கீமோவும் முழுசாகவே கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தவிர்க்கப் போய் மூன்றும். கனடாவினர் தலைமையில் நடந்த இன்னொன்றில், ஆபரேஷன் பிரிவில் இரண்டு மரணம் நேர்ந்து பாதியில் நிறுத்தினார்கள். நிறைய செய்து பழகிய கை என்றால் யோசிக்கலாம். உங்கள் கணவர் விஷயத்தில் நான் அவசரப்பட்டு அதை எடுக்க மாட்டேன்.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். எடுக்க வேண்டிய பல்லை இரண்டு வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். கரண்ட் வைத்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. நாலாவது வாரத்தில் விழுங்க முடியாது, மூக்கில் குழாய் போடச் சொல்லலாம். போட்டாலும் தினம் கொஞ்சம் மோர், கேழ்வரகுக் கஞ்சி என்று விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்கும் தசை உபயோகிக்காவிட்டால் உறைந்துவிடும். முதல் நாளிலிருந்தே ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைச் செய்யட்டும். தினமும் சாதகம் செய்கிறவருக்கு இது கஷ்டமில்லை. 35 நாளும் இடைவெளி விடக்கூடாது. பண்டிகை லீவு, மெஷின் ரிப்பேர் என்று நாள் போனால், ஒரே நாளில் ஆறு மணி நேரம் விட்டு இரண்டு தவணை கொடுத்து ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள்.

முடிந்த பிறகு கழுத்தில் நெறி கொஞ்சம் மிச்சமிருக்கலாம். வைரஸ் வகையில் அது மெதுவாகத்தான் கரையும். முன்பெல்லாம் பெரிய நெறி இருந்தவர்களுக்குக் கரண்ட் முடிந்ததும் கழுத்தைத் திறந்து நெறிகளை எடுத்துவிடுவோம். 2016-ல் பிரிட்டனில் 564 பேரிடம் பார்த்தார்கள். 12 வாரம் பொறுத்து, நோய் இருக்கும் இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்து, தேவையானவர்களுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தால் உயிர்ப்பிழைப்பில் எந்தக் குறைவும் இல்லை, பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டியிருக்கவில்லை. குறைத்ததில் நிஜமாகவே ஜெயித்தது இது ஒன்று. எனவே நாலாவது வாரத்தில் கட்டி தட்டுப்படுகிறதே என்று பதறி ஸ்கேன் எடுக்காதீர்கள். அப்போது புண் ஆறுகிற வீக்கமும் நோய் மாதிரியே ஒளிரும். 12-ஆம் வாரம் பெட் ஸ்கேன், அதே வாரம் கடைசி ஆடியோகிராம். இரண்டு தேதியையும் இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள்.